பந்தைப் பிடிக்க ஆள் தேடிய மாதங்கள்

அந்த ஞாயிறு மாலை என் சிறுவயதுக் கூட்டாளி வரிசையாக நான்கு பந்துகளைத் தவறவிட்டாள். நான்கும் நான் எறிந்தவை. நான்கும் அவள் கைக்கு நேராகப் போனவை. விரலில் பட்டன, நெஞ்சில் முட்டின, புல்லில் விழுந்து கோணல்மாணலாக உருண்டன. நான்காவதை எடுக்கக் குனிந்தவள் உடனே நிமிரவில்லை. குனிந்தபடியே வலது கையை இரண்டு முறை உதறினாள். பிறகு பந்தைத் திருப்பி எறியாமல், நடந்து வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சிங்கப்பூருக்கு வடக்கே, செனாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் திடலில் நாங்கள் ஆடியது எல்லோருக்கும் தெரிந்த காற்பந்து அல்ல. இரு முனையும் கூம்பிய, சின்னப் பப்பாளிக்காய் போன்ற பந்து. அதைக் காலால் உதைப்பதில்லை. ஒருத்தி எறிவாள், மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். பிடித்தவளை யாரும் இடித்துத் தள்ளக்கூடாது. அவள் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஃபிளாக் ஃபுட்பால் என்று பெயர். இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஒரு சீனப் பெண்மணி, சிங்கப்பூரில் படித்தபோது பழகி வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்தான் எங்கள் கோச். நாங்கள் ஒன்பது பெண்கள். தொழிற்சாலை, பாலர்பள்ளி, கிளினிக் என்று ஆளுக்கொரு வேலை.

எறிவது என் பொறுப்பு. இரண்டு ஓரங்களிலும் அகலமாக நின்று ஓடிப் பிடிப்பவர்களை ரிசீவர் என்போம். வலது ஓரம் என் கூட்டாளி. இடது ஓரத்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு இளம் பெண் நிற்பாள். நிற்பாள் என்று சொல்வதைவிட நிற்க வேண்டும் என்று சொல்வது சரி. பாதி ஞாயிறுகளில் அவளுக்கு அங்கே வேலை இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வரும் காஸ்வே பாலத்தில் வண்டி நகரவில்லை என்று அவளிடமிருந்து செய்தி வரும்போது நாங்கள் பயிற்சியை முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருப்போம்.

அன்று பயிற்சி முடிந்ததும் கோச் எங்களை வட்டமாக உட்காரவைத்தார். அவர் மலாயில்தான் பேசுவார்.

"ஜே.பி. டவுன்ல நடக்கற போட்டிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு," என்றார். "எறியறதுல குறை இல்ல. தடுக்கறதும் பரவாயில்ல. ஓரத்துல பிடிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. ஒருத்தர் வரதில்ல, ஒருத்தர் பிடிக்கறதில்ல. மனசுல வெச்சுக்காதீங்க, உண்மைய சொல்றேன். எல்லாரும் ஆளுக்கு ஒருத்தர கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

என் கூட்டாளி சிரித்தாள். "எனக்குப் பதிலா ஆள் தேடறீங்க. தேடுங்க லா, நல்ல ஆளா தேடுங்க," என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் கையை உதறியதே என் கண்ணில் நின்றது.

அவளும் நானும் பெக்கான் நானாஸ் பக்கத்தில் ஒரே அன்னாசித் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளி. கல்யாணத்துக்குப் பிறகு நான் செனாய்க்கு வந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் பெக்கான் நானாஸிலேயே தங்கினாள். ஞாயிறு காலை சர்ச், மாலை திடல், மற்ற நாளெல்லாம் கம்பனி பஸ்ஸில் செனாய்க்கு வேலை. அவள் வேலை பார்த்த செனாய்த் தொழிற்சாலையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். மின்னணுப் பலகைகளில் சின்னச் சின்ன உதிரிப்பாகங்களைக் கையால் பொருத்துகிற வேலை. பத்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொருத்தினோம். பிறகு என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட வரிசைக்கு நான் பொறுப்பு. அவள் ஏழாம் இடத்தில் இருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஓய்வு நேரத்தில் அவளைக் கழிப்பறையில் பிடித்தேன். குழாயைத் திறந்துவிட்டு வலது கையைத் தண்ணீருக்கடியில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி கைக்கு?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து பாத்தேன். சொல்லு."

அவள் குழாயை மூடவில்லை. "மூணு மாசமா இப்படித்தான். கட்டைவிரல், இந்த ரெண்டு விரல். மரத்துப்போயி பஞ்சு மாதிரி இருக்கு. பந்து கைக்கு வந்துடுச்சின்னு கண்ணுதான் சொல்லுது, கை சொல்லல. அது வந்து சேந்துச்சா, இல்லையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது."

"கிளினிக்குப் போனியா?"

"போனா லீவு எடுக்கச் சொல்லி எம்.சி. குடுப்பாங்க. எம்.சி. குடுத்தா கம்பனியில ஏன்னு கேப்பாங்க. மூணாம் இடத்து அக்காவுக்கு என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்த அக்காவுக்கும் கைவலிதான். கிளினிக்கில் எம்.சி. எழுதிக் கொடுத்தார்கள். கம்பனியில் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். வருடம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வரிசையில் யாருக்காவது கைவலி, தோள்வலி என்றால் அன்றே ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. எழுத வேண்டியவள் நான்.

"எழுதாம விடமுடியாதுடி," என்றேன்.

அவள் அப்போதுதான் குழாயை மூடினாள். "நீ லீடரா கேட்டியா, என் கூட்டாளியா கேட்டியா? லீடருக்கு நான் ஒண்ணும் சொல்லல. என் கூட்டாளிக்குத்தான் சொன்னேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

ஈரமான அந்தக் கையை நீட்டினாள். நான் அதன்மேல் என் கையை வைத்தேன். கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தேன். அவளுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு திடல், தொழிற்சாலை இரண்டிலும் எனக்குச் சிக்கல் தொடங்கியது.

திடலில் நான் ஆள் தேடுகிறவளாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. தேடவும் செய்தேன். என் நாத்தனாரைக் கேட்டேன். வெயிலில் ஓடினால் தலைவலிக்கும் என்றாள். எங்கள் மாரியம்மன் கோயிலில் கோலாட்டம் ஆடும் பெண்களில் உயரமான ஒருத்தியை அழைத்து வந்தேன். அவள் பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் குழுவில் கிளினிக்கில் வேலை செய்தவள் ஒரு நெட்பால் ஆட்டக்காரியைக் கூட்டி வந்தாள். மலாய்ப் பெண், பிரமாதமாகப் பிடித்தாள். ஆனால் பிடித்ததும், பந்தோடு ஓடக்கூடாத நெட்பால் பழக்கத்தில் அப்படியே நின்றுவிடுவாள். "ஓடு, ஓடு" என்று நாங்கள் கத்துவதற்குள் யாராவது வந்து துணிப்பட்டையை உருவிவிடுவார்கள். நான்காவது வாரம் அவளுக்கு வேலை பொந்தியானுக்கு மாறியது.

ஒவ்வொரு புது ஆள் வரும்போதும் என் கூட்டாளிதான் முதலில் போய் இடுப்பில் பட்டையைக் கட்டிவிடுவாள். எப்படி ஓட வேண்டும், எந்த இடத்தில் திரும்பினால் தடுக்கிறவள் ஏமாறுவாள் என்று சொல்லிக்கொடுப்பாள். அவள் கால்கள் அப்போதும் எங்களில் யாரையும்விட வேகம். எதிரியை விட்டுவிட்டு ஐந்தடி தூரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருப்பாள். தனியாக ஓடுகிறவளுக்குத்தான் எறிய வேண்டும். நான் எறியவில்லை. வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே நிற்பேன். அதற்குள் என் பட்டையை உருவிவிடுவார்கள்.

"ஏன் வலது பக்கம் பாக்கவே மாட்டேங்கற?" என்று கோச் கேட்டார்.

"வெயில் கண்ணுல அடிக்குது, கோச்."

வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. கோச் அதைப் பார்த்தார்.

பயிற்சி முடிந்து சப்பாத்து கழற்றும்போது என் கூட்டாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன பாவம் பாத்து எறியாம இருக்காத," என்றாள் மெதுவாக. "பத்துல ஒண்ணாச்சும் பிடிப்பேன். எறியாட்டி அந்த ஒண்ணும் இல்ல."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு எறிய மாட்ட. உன்ன எனக்குத் தெரியும்."

தொழிற்சாலையில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. ஏழாம் இடத்திலிருந்து வரும் பலகைகளில் பாகங்கள் சாய்ந்து நின்றன. சிலவற்றில் பாகமே இல்லை. விரலுக்கு உணர்ச்சி இல்லாமல் அரிசி மணி அளவு பொருளை எப்படிப் பொருத்த முடியும்? முதலில் நானே அவற்றைத் தனியாக எடுத்துச் சரிசெய்தேன். சாப்பாட்டு நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்தேன். அவள் தலை நிமிராமல் வேலை செய்வாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று அவள் தவறுகளைப் பொறுக்குவேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் நான் மேசையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். பொந்தியான்காரர், தமிழர், குரலை உயர்த்திப் பேசாத மனிதர்.

"இதெல்லாம் எந்த இடத்துல இருந்து வருது?" என்று கேட்டார்.

என் கையில் அன்றைய தாள் இருந்தது. இடத்தின் எண்ணை அதில் எழுத வேண்டும். என் வாய் "எட்டு" என்றது. யோசித்துச் சொல்லவில்லை. ஏழு என்று சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அதற்கு அடுத்த எண் வாயில் வந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளில் எட்டு என்று எழுதினேன்.

எட்டாம் இடத்தில் உட்கார்ந்தவள் ஒரு நேப்பாளப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஒப்பந்தத்தில் வந்தவள், கம்பனி ஹோஸ்டலில் இருந்தாள். அரைகுறை மலாயில் பேசுவாள். எல்லோரும் என்னை லீடர் என்று கூப்பிடும்போது அவள் மட்டும் அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள்படும்படி "தீதி" என்பாள். அவள் வேலையில் நான் ஒரு குறையும் கண்டதில்லை.

மறுநாள் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதே தவறுகள் வந்தன. அன்று ஏழு என்று எழுதினால் நேற்று எட்டு எழுதியது ஏன் என்று கேட்பார்கள். அதனால் அன்றும் எட்டு. அப்படியே ஒன்பது நாள் எழுதினேன். பத்தாம் நாள் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். லீடர் என்பதால் நானும் அந்த அறையில் நிற்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் மலாயில் நிதானமாக விளக்கினார். இன்னொரு கடிதம் வந்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். வெளியே வந்ததும் என்னிடம், "தீதி, இனிமே ரெண்டு தரம் பாத்து வெக்கிறேன்," என்றாள்.

"சரி, போ," என்றேன்.

அந்த நாட்களில் வீட்டில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் கணவர் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூர் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர். ஒரு நாள் சோறு போடும்போது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"ஆள் கெடச்சாச்சா உங்க டீமுக்கு?" என்று கேட்டார்.

"இல்ல."

"அலமாக், ஒரு பந்தைப் பிடிக்க ஆள் இல்லையா இந்த ஊர்ல," என்று சிரித்தார். சிரித்த முகத்திலேயே அவர் கண்கள் சொக்கிக்கொண்டு வந்தன. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவரிடம் சொன்னாலும் அவர் என்ன சொல்லியிருப்பார்? ஏழு என்று எழுதினால் கூட்டாளியின் வேலை போகும், சத்தியமும் போகும். எட்டு என்று எழுதினால் ஒரு தப்பும் செய்யாதவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். எழுதாமல் இருக்க முடியாது. லீடர் வேலையை விட்டுவிடலாம் என்றால், அடுத்து வரும் லீடர் முதல் நாளே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். சட்டியைக் கழுவிக்கொண்டே எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கமும் வழி இல்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு மதிய ஓய்வில் என் கூட்டாளி என்னை இழுத்துக்கொண்டு கேண்டீன் பின்புறம் போனாள். அங்கே வாய்க்கால் ஓரச் சிமெண்டுக் கட்டில் நேப்பாளப் பெண்கள் நான்கு பேர் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் இடத்துப் பெண்ணின் முறை. ஐந்து கற்களைப் புறங்கையால் எறிந்து, திருப்பி, ஒன்றும் சிதறாமல் அள்ளினாள். அள்ளும்போது கல்லைப் பார்க்கவே இல்லை. தோழிகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ கையப் பாருடி," என்றாள் என் கூட்டாளி. "நாம செனாய் முழுக்கத் தேடறோம். ஆள் என் பக்கத்துலயே உக்காந்திருக்கா."

"அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஹோஸ்டல்ல வேலை இருக்கும்," என்றேன்.

"நான் கேட்டுட்டேன். வரேன்னு சொல்லிட்டா."

"அவளுக்கு ஆட்டம் தெரியாது. மூணு வாரத்துல எப்படி?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "என்னடி, ஆள் வேண்டாமா உனக்கு?"

அந்த ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். யாரோ கொடுத்த பெரிய சப்பாத்தும் தொழிற்சாலைச் சட்டையும் போட்டிருந்தாள். என் கூட்டாளி பட்டையைக் கட்டிவிட்டு, ஓட வேண்டிய வழியைப் புல்லில் நடந்து காட்டினாள். முதல் பந்தை நான் சரியாக எறியவில்லை. தலைக்கு மேலே போனது. அவள் ஒரு கையை நீட்டி அதைக் காற்றிலிருந்து எடுத்தாள். இரண்டாவது தாழ்ந்து போனது; முழங்கால் அளவில் பிடித்தாள். அரைமணி நேரம் எறிந்தேன். இரண்டை மட்டும் விட்டாள். கோச் கைதட்டிக்கொண்டே மைதானத்துக்குள் வந்துவிட்டார். என் கூட்டாளிக்குத்தான் எல்லோரையும்விட மகிழ்ச்சி. "நான் கண்டுபிடிச்ச ஆள்," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

தண்ணீர் குடிக்க உட்கார்ந்தோம். நான், என் கூட்டாளி, அந்தப் பெண், மூவரும் ஒரே பாயில். அந்தப் பெண் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தன் மலாயில் கேட்டாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தீதி, என் கை நல்ல கைதானே? பந்தைப் பிடிக்குது. லைன்ல மட்டும் ஏன் தப்பு பண்ணுது? கடுதாசி குடுத்தாங்களே. நானும் ரெண்டு தரம், மூணு தரம் பாத்துத்தான் வெக்கிறேன்."

நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

என் கூட்டாளி கேட்டாள்: "என்ன கடுதாசி?"

அந்தப் பெண் சொன்னாள். எத்தனை நாள், எத்தனை பலகை, சூப்பர்வைசர் என்ன சொன்னார், எல்லாம். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள். என் கூட்டாளி கடைசிவரை கேட்டாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மரத்துப்போன மூன்று விரல்களையும் மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் கையில ஒரு குத்தமும் இல்ல," என்று அந்தப் பெண்ணிடம் மலாயில் சொன்னாள். பிறகு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"நில்லுடி. வேற வழி தெரியல எனக்கு. உனக்காகத்தான்."

"எனக்காகவா?" என்றாள். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "நான் உன்ன வாய மூடிக்கன்னுதான் சொன்னேன். பழிய இன்னொருத்தி தலையில போடச் சொன்னேனா?"

"எழுதித்தான் ஆகணும்னு இருந்துச்சு. நீதான் சத்தியம்..."

"ஆமா. என் மேலயும் தப்பு இருக்கு. அத நான் பாத்துக்கறேன்."

பஸ் வரும்வரை நாங்கள் இருவரும் ஒரே கம்பத்துக்கு இரு பக்கமும் நின்றோம்.

திங்கட்கிழமை காலை நான் வரிசைக்குப் போனபோது ஏழாம் இடம் காலியாக இருந்தது. அலுவலக அறைக் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக அவள் சூப்பர்வைசர் எதிரில் உட்கார்ந்து கையை மேசைமேல் நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எனக்கு அங்கேயே நின்றுவிடலாம் என்று இருந்தது. என் பெயரை அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்று உறுதியாகத் தெரியும். சொல்லாமல் விட்டால் நான் தப்பிக்கவும் செய்யலாம். எண்ணைக் கவனக்குறைவாக மாற்றி எழுதிவிட்டேன் என்றால் நம்புவார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். தெரிந்தே எழுதினேன் என்று சொன்னேன். ஒன்பது நாள் தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

சூப்பர்வைசர் வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். "தெரியாம நடந்ததுன்னு சொல்லியிருந்தா எனக்கு சுலபமா இருந்திருக்கும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார்.

லீடர் பொறுப்பை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். வேலையைவிட்டு அனுப்பவில்லை, பதினோராம் இடத்தில் உட்காரவைத்தார்கள். என் கூட்டாளியைக் கம்பனி மருத்துவரிடம் அனுப்பினார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, வெட்டித்தான் விடுவிக்க வேண்டும் என்று அங்கிருந்து ஜே.பி. மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை அவளுக்குப் பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை.

எட்டாம் இடத்துப் பெண்ணிடம் நான் போய் நின்றது அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம். அவள் தோழிகளை விட்டு எழுந்து வந்தாள். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அவள் கையில் கல்லாங்காய்க் கற்கள் இருந்தன. என்னைப் பார்த்துக்கொண்டே அவற்றை விரல்களுக்குள் உருட்டினாள்.

"கடுதாசி இன்னும் ஃபைல்ல இருக்கு," என்றாள்.

"எடுத்துடுவாங்க. நான் சொல்லியிருக்கேன்."

"சொன்னா போதாது. எழுதிக் குடுங்க. உங்க பேர் போட்டு. ஒரு காப்பி எனக்கு வேணும்."

அன்று அவள் என்னைத் தீதி என்று கூப்பிடவில்லை. எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாசிக்கத் தெரிந்த இன்னொரு நேப்பாளப் பெண்ணிடம் கொடுத்து, ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு திடலுக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஹோஸ்டலைவிட்டு வெளியே போக வாரத்தில் ஒரு நாள்தான், அதை ஏன் விடவேண்டும் என்று என் கூட்டாளியிடம் சொன்னாளாம். என்னிடம் பேச்சு குறைவு. நான் எறிந்தால் பிடிப்பாள். பிடித்த பந்தைத் திருப்பி எறியும்போது சற்று வேகமாகவே எறிவாள். என் உள்ளங்கை சிவக்கும். நான் முறையிடவில்லை.

ஜே.பி.யில் போட்டி ஒரு பள்ளித் திடலில் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குழுவிடம் முதல் ஆட்டத்தில் தோற்றோம். இரண்டாவதில் வென்றோம். அந்தப் பெண் மூன்று முறை எல்லைக்கோட்டுக்குள் பிடித்துப் புள்ளி எடுத்தாள். என் கூட்டாளி மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே கோச்சின் பக்கத்தில் நின்றாள். தடுக்கிறவர்களில் யார் களைத்திருக்கிறாள், யார் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்த்துச் சொல்வாள். அதையும் நேராக என்னிடம் சொல்லமாட்டாள். "அவகிட்ட சொல்லுங்க கோச், இடது பக்கத்து ஆளுக்குக் கால் வலிக்குது," என்பாள். நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். கோச் அதை எனக்குத் திரும்பச் சொல்வார்.

மூன்றாவது ஆட்டத்தில் கடைசி முயற்சியில் அந்தப் பெண்ணுக்கு எறிந்தேன். பிடித்தாள். எல்லைக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் அவள் பட்டையை உருவிவிட்டார்கள்; அத்தோடு தோற்றோம். அவள் அங்கேயே புல்லில் உட்கார்ந்து, எத்தனை தூரம் குறைந்தது என்று கையால் அளந்து பார்த்தாள். நாங்கள் போய்த் தூக்கிவிட்டோம். நான் நீட்டிய கையையும் பிடித்துத்தான் எழுந்தாள்.

அவளுடைய ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்தார்கள். அது முடிந்ததும் ஊருக்குப் போனாள்; திரும்பி வரவில்லை.

என் கூட்டாளிக்கு அறுவை சிகிச்சை போட்டி முடிந்து ஒரு மாதத்தில் நடந்தது. பார்வையாளர் நேரத்தில் சோறும் மீன் பொரியலும் எடுத்துக்கொண்டு போனேன். வலது கை முழுவதும் கட்டுப் போட்டுத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட முயன்றாள். பாதி மடியில் சிந்தியது.

"நான் ஊட்டறேன்," என்றேன்.

"வேணாம்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன். என்கிட்டயுமா சொல்லக்கூடாது? இப்படி ஆகுதுடி, இன்னொருத்தி மாட்டறாடின்னு என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல. மொத நாளே போயிருப்பேன்."

அந்த வழியை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. எல்லாப் பக்கமும் தேடினேன் என்று நினைத்திருந்தேன். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் கேட்கலாம் என்று தோன்றவில்லை. அவளைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் அவளை ஒரு ஆளாகவே கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறேன். "தோணலடி," என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். அவள் குரலில் கோபம் இன்னும் இருந்தது. கரண்டியிலிருந்து மீன் துண்டு நழுவித் தட்டில் விழுந்தது. அதை மறுபடி எடுக்க இரண்டு முறை முயன்று, விட்டுவிட்டாள்.

"முள்ள மட்டும் எடுத்துக் குடு," என்றாள்.

நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முள் எடுக்கத் தொடங்கினேன்.